வேலைக்காரக் கரையானின் முள்முடி: எண்ணும்போது இடறிய இடங்கள்

(கரையான் இனம் பிரிக்கிறவர்களின் உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது பேசுகிறவரின் புனைபெயர்.)

புற்றுமண் (யலஹங்கா)

ஒரே புற்று, ஒரே காலை, இரண்டு குப்பி. பெங்களூரு ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலை வளாகப் பக்கத்துச் செம்மண். ஒன்று மேல்சுவரைக் கொத்தியபோது கொட்டியது. மற்றது ஓரடி கீழே, நெல்லிக்காய் அளவு பூஞ்சைக்கட்டி (கரையான் பூஞ்சை வளர்க்கும் தோட்டம்) ஒன்றை ஒட்டி எடுத்தது. இரண்டிலும் சிப்பாய் (கூட்டைக் காக்கும் வகை) சிக்கவில்லை, வேலைக்காரர் மட்டுமே. இனம் பிரிக்க வேறு வழியில்லாமல் முள்முடிக் கணக்குத்தான், அதாவது வேலைக்காரர் உடம்பில் குழியிலிருந்து எழும் முடியை எண்ணுவது.

தலைக்குப் பின்னால் இருக்கும் முன்மார்புத் தகடு எல்லோருக்கும் தெரிந்ததே, சேணம் மாதிரி முன்மடல் நிமிர்ந்து நிற்பது. முதல் குப்பி ஆட்களுக்கு அந்த மடல் விளிம்பில் பக்கத்துக்கு நாலு நெட்டை முடி, நடுவில் வழுக்கை. இரண்டாவது குப்பியில் விளிம்பு முழுக்க முடி, இடைவெளியே கிடையாது. இரண்டு இனம் என்று நோட்டில் ஏறியும் விட்டது.

அப்புறம் ஆளைச் சானிட்டைசர் ஜெல்லில் புதைத்து, ஊசிமுனையால் தலையைக் கீழே அமுக்கி, முன்பக்கமாகச் சாய்த்து 40 மடங்கில் பார்த்தால், அந்த வழுக்கையில் ஐந்து வளையம்! ஒரே சீரான இடைவெளி, தோடு கழற்றிய காதுத்துளை மாதிரி. முடி இருந்திருக்கிறது, அடியோடு ஒடிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தவரை மடலின் சாய்வு வளையங்களை மறைத்துவிட்டது.

குப்பியில் பாதிக்குத்தான் ஆல்கஹால், மேலே காற்று, பைக் பையில் பயணம். குலுங்கினால் முதலில் ஒடிவது நடுமுடிதான், அதுதான் துருத்திக்கொண்டு நிற்கிறது. வளையத்தையும் சேர்த்தால் முதல் குப்பிக்கு 13. இரண்டாவதில் 12, 13, 13, 15. இப்போது ஒரே இனமா, இரண்டா? முதல் குப்பியில் 11 பேர் மிச்சம், இரண்டாவதில் 4 பேர்தான்.

கண்ணாடிச்சில்லு (ஹெப்பாள்)

முடியை எண்ணாதீர்கள், குழியை எண்ணுங்கள். அடியில் வளையம் இருந்தால்தான் முள்முடி. வளையமில்லாமல் தோலிலிருந்தே எழும்பிய நுண்முள்ளை யாராவது கணக்கில் சேர்த்திருந்தால் மொத்தமும் வீண்.

இங்கே உறுத்திக்கொண்டிருப்பது வேறொரு ஸ்லைடு. மாலையில் ஆல்கஹாலில் வைத்து வரைந்த படத்தில் மேலுதட்டில் 14 முடி. மறுநாள் காலை அதே ஆள், கிளிசரினில், 6 முடி. ஒடியவில்லை, உதிரவில்லை. ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுக் கிளிசரினைக் கழுவியதும் எட்டும் திரும்பி வந்து நின்றன.

காரணம் ஒளிவிலகல். பூச்சித்தோலின் எண் ஏறக்குறைய 1.55. ஆல்கஹால் 1.36, அதனால் முடியின் ஓரம் கறுப்புக் கோடாக விழும். கிளிசரின் 1.47, கோடு மங்கும். கனடா பால்சம் 1.53, வேலைக்காரனின் வெளுத்த முடி அதில் கரைந்தே போகும். நிரந்தர ஸ்லைடு என்று பால்சத்தில் போட்டுவிட்டு, "இந்த இனத்துக்கு முடி குறைவு" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரிப்பட்டு வருவது இது. தலையையும் முன்மார்பையும் பிரித்து 10% காஸ்டிக் பொட்டாஷில் அறை வெப்பத்தில் ஓர் இரவு. அவசரமென்றால் வெந்நீரில் குப்பியை நிறுத்தி கால் மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு. அதிகம் வெந்தால் தகடு நனைந்த அப்பளம் மாதிரி தொளதொளவென்று ஆகி, முடி குழியோடு கழன்றுவிடும். எடுத்ததும் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் சில நிமிடம், தண்ணீர் இருமுறை. குளோரசால் பிளாக் சாயம் துளி போதும், தோல் நீலக்கறுப்பாகும், குழி பளிச்சென்று தெரியும். சாயம் இல்லாதவர்கள் மைக்ரோஸ்கோப்பின் கீழ்த் துவாரத்தை நன்றாகச் சுருக்கினாலே பாதி முடி வெளியே வரும். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவர்கள் கறுப்புப் பின்னணி வைத்து, விளக்குக்கும் மாதிரிக்கும் நடுவே டிரேசிங் தாளைக் குழாயாகச் சுருட்டி நிறுத்தவும். நேர் வெளிச்சம் பட்டால் பாதி முடி அதன் மினுமினுப்பிலேயே மறைந்துவிடும்.

மண் ஒட்டியிருக்கிறது என்று அல்ட்ராசோனிக் கழுவியில் போடாதீர்கள். மண் போகும், முடியும் கூடவே போகும்.

ஒத்தலென்ஸ் (மல்லேஸ்வரம்)

"வேறு வழியில்லாமல் முள்முடிக் கணக்கு" என்பதில்தான் தகராறே. வழி இருக்கிறது, இன்னொரு முறை போய்ச் சிப்பாயைப் பிடிப்பது. இந்த மாதிரிப் புற்றுக் கட்டும் ஓடன்டோடெர்மிஸ் சாதியில் (பேரினம்) ஒவ்வோர் இனத்துக்கும் பெயர் வைத்ததே சிப்பாயின் தலை வடிவத்தையும் இடது தாடைப் பல் எங்கே நிற்கிறது என்பதையும் வைத்து. வேலைக்காரனின் முடி சாட்சி சொல்லலாம், தீர்ப்பு சொல்லக் கூடாது.

மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டு நிலைக்கால். எடுத்தது 30 வேலைக்காரர்கள், முன்மார்பு தட்டை, ஆகவே சேணம் போட்ட டெர்மிட்டிடே குடும்பம் அல்ல, ரைனோடெர்மிட்டிடே பக்கம். அதுவரை சரி. அதற்குமேல், மார்பில் முடி அடர்த்தி என்ற ஒரே காரணத்துக்காக லேபிளில் "ஹெட்டிரோடெர்மிஸ் இண்டிகோலா" ஏறியது. மறுநாள் அதே நிலைக்காலில் உளியை விட்டு நெம்பியபோது ஒரு சிப்பாய் வந்தது. சாமணத்தால் பிடித்த உடனே நெற்றித்துளையிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு, கள்ளிப்பால் மாதிரி. காப்டோடெர்மிஸ்! ஹெட்டிரோடெர்மிஸ் சிப்பாய்க்கு நீள்சதுரத் தலை, இந்தப் பால் கிடையாது. ஒரு சொட்டு போதும், 30 பேரின் முடிக்கணக்கும் குப்பைக்குப் போனது.

முள்முடி உபயோகமே இல்லை என்று சொல்லவரவில்லை. உலகத்துக்கே தெரிந்த உதாரணம் காப்டோடெர்மிஸ் சிப்பாய்: நெற்றித்துளை ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு முடி என்றால் ஜெஸ்ட்ராய், இரண்டு என்றால் ஃபார்மோசானஸ். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இரண்டும் குடியேறியிருப்பதால் அங்கே அந்த ஒற்றை முடிக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் அது சிப்பாயின் முடி, வேலைக்காரனுடையது அல்ல.

வால்வு

ஒத்தலென்ஸ் சார், சிப்பாயே இல்லாத சாதிக்கு எத்தனை முறை திரும்பிப் போவது? பன்னேர்கட்டா பக்கம் கல்லைப் புரட்டினால் வரும் ஸ்பெக்குலிடெர்மிஸ், வெளுத்த உடம்பு, வயிற்றுக்குள் மண் தெரியும். பத்துத் தடவை புரட்டினாலும் சிப்பாய் வராது, அந்த வகையே அதில் கிடையாது. 1972-இல் டபிள்யூ. ஏ. சாண்ட்ஸ் ஆப்பிரிக்காவின் சிப்பாயில்லாக் கரையான்களை வகைப்படுத்தியது வேலைக்காரனை அறுத்துப் பார்த்துத்தான்.

அங்கே வெளிமுடி பெரிதாக உதவாது, உள்முள் உதவும். பின்குடலின் முதல் பகுதி முடிந்து பை தொடங்கும் கழுத்தில் ஒரு வால்வு. அதன் உட்சுவரில் ஆறு மேடு, பல சாதிகளில் மூன்று பெரிது மூன்று சிறிது மாறிமாறி. அந்த மேடுகளில் முள் இருக்கிறதா, செதிலா, வெறும் வழவழப்பா, எத்தனை வரிசை என்பதில்தான் இனம் பிரியும்.

எடுக்கிற முறை: ஆல்கஹாலில் ஒரு வாரமாவது ஊறிய ஆள். புதிதாகச் செத்தது கையில் பிசுபிசுத்துப் பிய்யும். முதுகுத் தகடுகளை நீக்கிக் குடலை முழுதாக வெளியே எடுத்து, கழுத்துக்கு இரு பக்கமும் வெட்டி, மண்ணை ஊசியால் தள்ளிவிட்டு, மேடுகளுக்கு நடுவே நீளவாக்கில் கீறி விரிக்க வேண்டும். வெளிப்புறத் தசையைச் சுரண்டினால் உள்தோல் கண்ணாடி மாதிரி தனியாக வரும். முள்பக்கம் மேலே இருக்கும்படி போட்டு 400 மடங்கு. ஒரு ஸ்லைடில் கீறல் மேட்டின் நடுவிலேயே விழுந்து, ஆறு மேடு ஏழாகத் தெரிந்தது. "புது இனம்" என்று அரைநாள் ஆரவாரம். ஏழாவது மேட்டின் ஓரம் மட்டும் கத்தரித்த நேர்கோடாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் ஒரு கூட்டிலிருந்து மூன்று வால்வாவது எடுக்காமல் படம் வரைவதில்லை.

பார்கோடு

கரையானின் ஒரு கால் போதும் இதற்கெல்லாம், டி.என்.ஏ. பார்த்துவிடலாம். 95% ஆல்கஹால், சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்து. வயிற்றைத் தொடாதீர்கள், குடல் நுண்ணுயிரும் மண்ணும் வினையைக் கெடுக்கும். கால் அல்லது தலை. முடி எண்ணுகிற நேரத்தில் பத்துக் குப்பிக்கு விடை வந்துவிடும்.

கண்ணாடிச்சில்லு

விடை எதிலிருந்து வரும்? யாரோ முன்னால் பெயர் போட்டு வைத்த டி.என்.ஏ. வரிசையிலிருந்து. அவர் தப்பாகப் பெயர் போட்டிருந்தால் உங்கள் காலுக்கும் அதே தப்புப் பெயர். தவிர 95% ஆல்கஹாலில் ஆள் விறைத்து முடி சட்டென ஒடியும். எனவே ஒரே கூட்டை இரண்டு குப்பியாகப் பிரிக்கவும்: டி.என்.ஏ.வுக்கு 95, முடிக்கு 80. குப்பியை விளிம்புவரை நிரப்பி, பஞ்சை ஆட்கள்மேல் படாமல் மேலே அடைக்கவும். லேபிள் பென்சிலில். பால்பாயிண்ட் பேனா மை ஆல்கஹாலில் கரைந்து குப்பியே நீலமாகும்.

மரவேலை (கெங்கேரி)

எல்லாரும் புற்றிலேயே நிற்கிறீர்கள். ஒரு அலமாரியில் "வேலைக்காரன்" என்று எடுத்து முடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். அடித்தட்டில் கடுகுக்கும் சின்னதாகக் காய்ந்த உருண்டைகள், லென்ஸில் ஒவ்வொன்றும் ஆறு பட்டை. அது உலர்மரக் கரையான் கிரிப்டோடெர்மிஸின் எச்சம். அதில் நிஜமான வேலைக்கார வகையே கிடையாது, வளர்ச்சி நிற்காத இளம்பருவங்கள்தான் வேலை செய்யும். ஒவ்வொரு தோலுரிப்புக்கும் முடி மாறும். எண்ணியது எல்லாம் குழந்தைகளை.

இதைப் படிக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இனம் தெரியாமல் மருந்துக்காரரைக் கூப்பிடாதீர்கள். மண்குழாய் கட்டி ஏறுவது மண்ணிலிருந்து வருகிறது, அதற்குத் தரைச் சிகிச்சை பலிக்கும்: சுவரும் தரையும் சேருமிடத்தில் 12 மி.மீ. துளை, 30 செ.மீ.க்கு ஒன்று, துளை மண்ணைத் தொட வேண்டும். பல இடங்களில் டைலோடு நின்றுவிடுகிறார்கள், மருந்து கான்கிரீட்டில் தேங்கி வெளியே வழியும். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், அளவுக் குவளை இல்லாமல் மூடியால் ஊற்றுகிறவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். கிணறோ போரோ பக்கத்திலிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். துளையை வெள்ளைச் சிமெண்டால் அன்றைக்கே அடைக்கவும். மண்குழாயை உடனே துடைத்து அழிக்க வேண்டாம், ஒரு பகுதியை மட்டும் உடைத்து வைத்தால் ஓரிரு நாளில் திரும்பக் கட்டுகிறதா என்று பார்த்து மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ளலாம். ஆறு பட்டை எச்சம் கிடந்தால் இதில் ஒன்றும் வேண்டாம், தரையில் எவ்வளவு ஊற்றினாலும் அலமாரிக்குள் இருப்பதற்குப் போய்ச் சேராது. மரத்துக்குள்ளேயே ஊசி போட வேண்டும், அல்லது அந்தப் பலகையை மாற்ற வேண்டும்.

வால்வு

மரவேலை அண்ணா, இங்கே யாரும் வீட்டுக்கு மருந்து கேட்கவில்லை. ஆறு பட்டை விஷயத்துக்கு மட்டும் நன்றி.

புற்றுமண், உங்கள் இரண்டாவது குப்பியில் எனக்கு உறுத்துவது அந்த நெல்லிக்காய் அளவு பூஞ்சைக்கட்டி. ஓடன்டோடெர்மிஸ் புற்றுச் சுவருக்குள் மைக்ரோடெர்மிஸ் என்ற வேறு சாதி ஒண்டுக்குடித்தனம் இருப்பது சகஜம், அதன் கட்டி சின்னது. அதன் சிப்பாய் வேலைக்காரனைவிடப் பொடியன், கண்ணில் படாமல் போயிருக்கலாம். குப்பியின் அடி வண்டலைக் கொட்டிப் பாருங்கள். முடிக்கு முன் தலையகலத்தை அளக்கவும். கடினமான தலை இரண்டு தோலுரிப்புக்கு நடுவே வளராது, அதனால் அளவுகள் தனித்தனிக் குவியலாக விழும். ஆனால் ஒரு பொறி: ஓடன்டோடெர்மிஸில் வேலைக்காரரே இரண்டு அளவு, பெரியது ஆண், சிறியது பெண். சிறிய குவியலைப் பார்த்தவுடன் மைக்ரோடெர்மிஸ் என்று குதிக்க வேண்டாம். உணர்கொம்புக் கணுக்களையும் எண்ணி, சிறியதைச் சிறியதோடு மட்டும் ஒப்பிடவும். முதல் குப்பியில் எல்லாம் பெரியவர்கள் என்றால் அதன் 13-ம் இரண்டாவது குப்பியின் 13-ம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்.

ஒத்தலென்ஸ்

இதைத்தான் வேறு வார்த்தையில் மேலே சொன்னது.

புற்றுமண்

அளந்தாயிற்று. முதல் குப்பியில் 9 பெரியவர், 2 சிறியவர். இரண்டாவதில் நாலும் சிறியவர். ஆக ஒப்பிட முடிவது இரண்டுக்கு நாலு. அந்த இரண்டு சிறியவரில் ஒருவரின் முன்மடலே கிழிந்திருக்கிறது, மற்றவருக்கு வளையத்தோடு சேர்த்து 9. உணர்கொம்பு முழுதாக இருப்பது மொத்தத்தில் மூன்றே பேருக்கு.

இரண்டாவது குப்பியின் வண்டலை வாட்ச் கிளாஸில் கொட்டினால் மணல், பூஞ்சைத் துணுக்கு, ஒரு பூச்சிக் கால், அப்புறம் உடம்பில்லாத ஒரு தலை. அரிவாள் மாதிரி மெல்லிய தாடை, வேலைக்காரர் தலையைவிடச் சின்னது. இடது தாடை பாதியில் ஒடிந்திருக்கிறது. சனிக்கிழமை திரும்ப அந்தப் புற்றுக்கு, இந்த முறை குப்பி விளிம்புவரை.