எஜிக்பாடெரோ வழக்கு: விருந்தில் இருந்தவருக்கு எப்படித் தூக்கு?

முகில்: நைஜீரியாவின் லாகோஸ் நகரப் பணக்காரர் ஜிமோ இஷோலா (எஜிக்பாடெரோ என்றால்தான் அங்கே தெரியும்) 1975 ஆகஸ்ட் 22 அன்று அலிமோஷோவில் நிலத்தகராறில் ஒரு விவசாயியைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. ஆனால் அன்று அவர் வீட்டில் குழந்தைக்குப் பெயர்சூட்டு விழா, கூட்டமோ கூட்டம். இவ்வளவு சாட்சி இருந்தும் ஏன் எடுபடவில்லை?

கோர்ட்டுக்கிளி: விருந்துக்கு வந்தவன் சாப்பிடுவானா, வீட்டுக்காரர் எங்கே போனார் என்று மணி பார்த்துக்கொண்டு இருப்பானா? நடுவில் நழுவிப் போய்ச் சுட்டுவிட்டு மறுபடி விருந்தில் வந்து கலந்துகொண்டார் என்பதுதான் அரசுத் தரப்பு வாதமே. நைஜீரியச் சட்டத்தில், வேறிடத்தில் இருந்தேன் என்று சொன்னால் போலீஸ் அதை விசாரித்தே ஆக வேண்டும். ஆனால் சம்பவ இடத்திலேயே பார்த்தேன் என்று ஒரு நேரடி சாட்சி சொல்லி, நீதிபதியும் அதை நம்பிவிட்டால், அந்த வாதம் அத்தோடு காலி.

நிலா: அப்புறம் மேல்முறையீடு? காசுக்கா பஞ்சம்.

கோர்ட்டுக்கிளி: போகாமலா! 1978ல் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது, 1979ல் தூக்கு. சாட்சியை நேரில் பார்த்து எடைபோட்டது விசாரணை நீதிபதிதான், அதை மேல் நீதிமன்றங்கள் லேசில் மாற்றுவதில்லை.

முகில்: சரி, புரிகிறது. ஆனாலும் கண்ணால் கண்ட சாட்சியை வைத்து உயிரை எடுப்பது எனக்கு உறுத்துகிறது.

நிலா: நிலத்தைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட விவசாயிக்கு மேல்முறையீடே கிடையாதே, அது உறுத்தவில்லையா?