புழங்கு சிற்பமா, மெய்படு சிற்பமா?

வியாசர்பாடியிலிருந்து, வியாழன் இரவு:

நண்பர்களே, சனிக்கிழமை மாலை வகுப்புக்கு ஒரு சொல் அவசரமாக வேண்டும். வீட்டுப் பொருளுக்கும் நம் உடம்புக்கும் உள்ள உறவையே சிற்பமாக்கும் கலையைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன். எடுத்துக்காட்டு, ஆஸ்திரியச் சிற்பி எர்வின் வூர்ம் 1990களில் தொடங்கிய 'ஒரு நிமிடச் சிற்பங்கள்'. வாளி, நாற்காலி என்று எதையாவது வைத்து, பார்க்க வந்தவரையே அதோடு சேர்ந்து நிற்கச் சொல்வார். அசையாமல் நிற்கும் அந்த நிமிடத்தில் ஆளும் வாளியும் சேர்ந்துதான் சிற்பம். 'அன்றாடப் பொருள்சார் உடலியற் சிற்பம்' என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் வாயில் நுழையாது.

பெரம்பூரிலிருந்து:

முதலில், சிற்பம் வடசொல். சிலம்பின் இந்திரவிழாவில் மண்ணால் உருவம் செய்யும் 'மண்ணீட்டாளர்' வருகிறார்கள். 'மெய்ம்மண்ணீடு' என்போம்.

ராயபுரத்திலிருந்து:

ஐயா, மண்ணீடு மண்ணால் ஆவது. பிளாஸ்டிக் வாளிக்கு எப்படிப் பொருந்தும்? 'மெய்படு சிற்பம்' என்கிறேன். மெய்ப்பாட்டுக்கும் இதே வேர்தான்; உள்ளத்தில் பட்டது உடம்பில் தெரிவது. தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாட்டில் மூன்று இங்கே உண்டு. ஒருவர் வாளியைத் தலையில் கவிழ்த்து நிற்கிறார் என்று வையுங்கள். பார்ப்பவருக்கு முதலில் நகை, அப்புறம் அவர் நிலை கண்டு இளிவரல் (இழிவுணர்ச்சி), கடைசியில் மருட்கை (வியப்பு). இன்னொன்று: குடத்துக்கு வாயும் கழுத்தும், நாற்காலிக்குக் காலும் கையும் முதுகும், ஊசிக்குக் காதும் கொடுத்தது நம் மொழி. உடம்பைப் பொருளில் ஏற்றுவது நமக்குப் புதிதல்ல.

காசிமேட்டிலிருந்து:

'மெய்படு' எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. 'புழங்குற சாமான்' எல்லாருக்கும் தெரியும். 'புழங்கு சிற்பம்' போதும்.

என் அம்மா மீன்கூடை சுமந்தவர். பழைய புடவைத் துணியை முறுக்கி வட்டமாகச் சுற்றி சும்மாடு வைப்பார். கூடையை இறக்கிய பிறகு அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் அவர் தலையின் குழிவு, மறுபக்கம் கூடை அடியின் பின்னல் வரி. இரண்டும் ஒரே துணியில். வகுப்பில் அதைக் காட்டினால் விளக்கமே வேண்டாம்.

ராயபுரத்திலிருந்து:

சுமையடை என்பது சும்மாடு என்று திரிந்ததாகச் சொல்வார்கள். சுமை, சுமடு, சும்மாடு என்றும் வழி சொல்லலாம். இதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

வியாசர்பாடியிலிருந்து:

அவசியம் எழுதுங்கள் ஐயா. ஆனால் 'மெய்படு' ஓரிடத்தில் இடிக்கிறது. அமெரிக்கச் சிற்பி புரூஸ் நாமன் 1960களில் தன் நாற்காலிக்கு அடியிலிருந்த வெற்றிடத்தைக் கான்கிரீட்டில் வார்த்தார். அதில் எந்த உடம்பும் படவில்லை, ஆனாலும் உட்கார்ந்தவர் நினைவுக்கு வருகிறார். 'புழங்கு' வினைத்தொகை, புழங்கிய, புழங்குகின்ற, புழங்கும் மூன்றும் அதில் அடக்கம். அந்த நாற்காலிக்கும் பொருந்தும், சும்மாட்டுக்கும் பொருந்தும்.

பெரம்பூரிலிருந்து:

வினைத்தொகை என்றால் சிற்பத்தையே புழங்குவதாகப் பொருள் வரும். இங்கே புழங்குவது வாளியை. 'புழங்குபொருட் சிற்பம்' என்றால்தான் இலக்கணம் நிற்கும்.

காசிமேட்டிலிருந்து:

வூர்ம் சிற்பத்தில் வாளிதானே ஐயா சிற்பம்? அதைத் தொட்டுத் தூக்கி நிற்கிறவரும் சிற்பம்.

வியாசர்பாடியிலிருந்து, வெள்ளி இரவு:

காசிமேட்டு நண்பரும் நானும் 'புழங்கு சிற்பம்' பக்கம். நாளைக்குப் பலகையில் அதைத்தான் எழுதுகிறேன். காசிமேட்டு நண்பரே, அம்மாவின் சும்மாட்டை ஒரு நாளைக்குக் கொடுத்தனுப்ப முடியுமா?

பெரம்பூரிலிருந்து:

எழுதுங்கள். எனக்கு உடன்பாடு இல்லை. 'சிற்பம்' வடசொல் என்றேனே, அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.