பழைய படத்தின் வட்டுக்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது?

தெளிவுவிரும்பி:

எழுபதுகளில் வந்த ஒரு படத்தின் ப்ளூரேயை நேற்று இரவு போட்டுப் பார்த்தேன். இங்கே வந்த விமர்சனத்தில் படத்தரத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுத்திருந்தார்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். திரை முழுக்கப் பொடிப்பொடியாக ஏதோ ஊர்ந்துகொண்டே இருக்கிறது. வானம் தெரிகிற காட்சிகளில் எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி. சுற்றிலும் ஆறு ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன், ஒலி நடுவில் உள்ள ஒன்றிலிருந்து மட்டும் வருகிறது. நடுவில் ஒரு நீளமான இரவுக் காட்சி, அதில் கறுப்பு கறுப்பாகவே இல்லை, சாம்பல் பூசியது போல் இருக்கிறது.

இதற்கு நாலரை என்றால் எதற்கு இரண்டு கொடுப்பீர்கள்? சண்டைக்காகக் கேட்கவில்லை. மதிப்பெண் என்பது வட்டைப் பார்க்கப்போகிறவருக்கா, இல்லை அந்தப் படத்தின் வரலாற்றுக்கா? எனக்குப் பதில் தெரிய வேண்டும், ஏனென்றால் இனிமேல் இந்த மதிப்பெண்களை எப்படிப் படிப்பது என்றே புரியவில்லை.

நெகட்டிவ்நேசன்:

அந்த நாலரையைக் கொடுத்தது நான்தான், நண்பரே. உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனாலும் மதிப்பெண்ணை மாற்றமாட்டேன்.

நீங்கள் பொடி என்று சொல்வது படத்தின் மேல் விழுந்த தூசி இல்லை. படமே அதுதான். ஃபிலிமில் வெளிச்சத்தைப் பிடிப்பவை வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்கள். வண்ண ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளி வெளியே போய்விடும், அது இருந்த இடத்தில் சாயத் திட்டுகள் நிற்கும். முகத்தின் சுருக்கமும் சட்டைத் துணியின் நெசவும் அந்தத் திட்டுகளால்தான் வரையப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமிலும் அவை வேறு வேறு இடத்தில் விழும், வினாடிக்கு 24 முறை. அதனால்தான் ஊர்வது போலத் தெரிகிறது. இந்தப் பொடியைத்தான் கிரெயின் என்பார்கள்.

அதைக் கணினியில் துடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், 1987ல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தின் 2010 ப்ளூரே. கிரெயினைத் துடைக்கப் போய், தோலின் நுணுக்கமும் சேர்ந்து போய்விட்டது. காட்டுக்குள் வியர்வையும் சேறுமாக நிற்க வேண்டிய ஆட்கள் மெழுகில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள். ஒருமுறை துடைத்து வட்டில் போட்டுவிட்டால், வாங்கியவரால் அதை மீட்கவே முடியாது. கிரெயின் பிடிக்காதவர் வீட்டில் தன் தொலைக்காட்சியில் குறைத்துக்கொள்ளலாம். இழந்த நுணுக்கத்தை யாராலும் கூட்டிக்கொள்ள முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் நான் எப்போதும் கிரெயின் பக்கம்தான்.

அந்த இரவுக் காட்சி, பார்த்தவரையில் வெளிச்சம் போதாமல் எடுத்து, லேபில் கூடுதலாகக் கழுவி ஏற்றியது போல் தெரிகிறது. அப்படிச் செய்தால் கறுப்பு வெளுக்கும், கிரெயின் தடிக்கும். அது எடுத்த அன்றே நெகட்டிவில், அதாவது கேமராவில் ஓடிய மூல ஃபிலிமில் நடந்தது, வட்டில் நடந்தது இல்லை.

தெளிவுவிரும்பி:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இதில் எனக்கு ஒரு பெரிய சிக்கல் தெரிகிறது. எந்தக் குறையைச் சொன்னாலும் “அது மூலத்திலேயே இருந்தது” என்று பதில் வந்துவிடுகிறது. நீங்கள் அந்த நெகட்டிவைப் பார்த்தீர்களா? இல்லை. படம் வந்த புதிதில் தியேட்டரில் பார்த்தீர்களா? அதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். அப்படியானால் மூலத்துக்கு விசுவாசம் என்று எதை வைத்து மதிப்பெண் போடுகிறீர்கள்?

இன்னொன்று. அன்றைக்குத் தியேட்டருக்குப் போன பிரிண்ட் நெகட்டிவிலிருந்து நேராக எடுத்தது இல்லையே. நெகட்டிவிலிருந்து இன்டர்பாசிட்டிவ் என்ற நகல், அதிலிருந்து இன்டர்நெகட்டிவ் என்ற நகல், அதிலிருந்துதான் தியேட்டர் பிரிண்ட். ஒவ்வொரு படியிலும் கூர்மை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒளிப்பதிவாளரும் ஒப்பனைக்காரரும் அந்த மங்கலைக் கணக்கில் வைத்துத்தான் வேலை செய்தார்கள். இன்று நெகட்டிவையே 4கேயில் ஸ்கேன் செய்து போட்டால், அன்றைய ரசிகர் யாருமே பார்க்காத ஒட்டு மீசையின் ஓரமும், பின்னணித் திரையின் மடிப்பும் தெரிகின்றன. இது எந்த மூலத்துக்கு விசுவாசம்? எடுத்தவர்கள் காட்ட நினைத்த படத்துக்கா, அவர்கள் மறைக்க நினைத்ததற்கா?

நெகட்டிவ்நேசன்:

நல்ல கேள்வி. இரண்டாவதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நெகட்டிவ் என்பது கச்சாப் பொருள்தான். அதை ஸ்கேன் செய்த பிறகு நிறமும் ஒளி-நிழல் மாறுபாடும் சேர்க்கிறவர், அன்றைய பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வேலை செய்தால் தவறான படம்தான் வரும். அந்தப் பிரிண்ட்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். 1950களில் பரவிய ஈஸ்ட்மன்கலர் வகைப் பிரிண்டுகளில் சாயம் நிலைப்பதில்லை, பல பிரிண்டுகள் வெளிறிச் சிவந்துபோய்க் கிடக்கின்றன.

முதல் கேள்விக்கு வருகிறேன். நெகட்டிவைப் பார்க்காமல் எப்படித் தெரியும்? வட்டுக்குள்ளேயே தடயம் இருக்கிறது. நான் முதலில் தேடுவது ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறும் இடம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அதை ஆப்டிகல் பிரிண்டரில் மறுபடி படம்பிடித்துச் செய்தார்கள். அதனால் அந்தத் துண்டு மட்டும் நகலின் நகல், கிரெயின் தடிமனாகவும் நிறம் சற்றுச் சப்பென்றும் இருக்கும். அடுத்த வெட்டில் படம் சட்டென்று தெளியும். அந்த ஏற்ற இறக்கம் வட்டில் தெரிந்தால் நெகட்டிவிலிருந்து எடுத்து, அதன் போக்கில் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாக் காட்சியும் ஒரே வழவழப்பில் இருந்தால் சந்தேகப்படுவேன். உங்கள் வட்டில் ரயில் நிலையக் காட்சி முடிகிற இடத்தைப் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

அடுத்து, நிறுத்திப் பார்ப்பேன். உண்மையான கிரெயின் நின்ற ஃபிரேமிலும் நுண்மையாக, எங்கும் பரவி இருக்கும். படத்தை வட்டில் அடக்கச் சுருக்கும்போது விழுகிற அழுக்கு சதுரம் சதுரமாகத் திரளும். புகை, மூடுபனி, கூரையை ஒட்டிய நிழல், இந்த மூன்றும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு, வெளிர் வானத்துக்கு எதிரே நிற்கும் ஆளின் தோள்பட்டை ஓரம். அங்கே வெள்ளைக் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். பழைய டிவிடிகளில் இந்த வியாதி நிறைய. உங்கள் வட்டில் சதுரமும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. நாலரை அங்கிருந்து வந்தது.

செவிவழி:

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒலிக்கு ஒரு வரிதான் வந்திருக்கிறது, அதுவும் குறையாக. நான் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

மோனோ படத்தின், அதாவது ஒரே தடத்தில் ஒலி உள்ள படத்தின், சத்தம் நடு ஸ்பீக்கரிலிருந்து வருவது பழுது இல்லை. தியேட்டரிலும் திரைக்குப் பின்னால் நடுவிலிருந்துதான் வந்தது. ‘டெர்மினேட்டர்’ 1984ல் மோனோவாகத்தான் வந்தது. பின்னால் வட்டுக்காக அதை ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலி ஆக்கியபோது துப்பாக்கிச் சத்தங்களையே புதிதாக மாற்றிவிட்டார்கள். அறை முழுக்கச் சத்தம் சுற்றுகிறது, சரி. ஆனால் அது வேறு படத்தின் சத்தம். படத்தில் ஒரு முகத்தை மாற்றி ஒட்டினால் கொதிப்போம், காதுக்கு அதையே செய்தால் பாராட்டி மதிப்பெண் போடுகிறோம். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஒலியைச் சோதிக்க நான் செய்வது இதுதான். வசனத்துக்கு நடுவில் வருகிற மௌனத்தை ஹெட்போனில் கேட்பேன். ஃபிலிமின் ஓரத்திலேயே ஒலியைப் பதிந்த பழைய ஆப்டிகல் டிராக்கில் லேசான இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அது சீராக இருந்தால் பிரச்சினை இல்லை, ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும். பேசும்போது இரைச்சல் வந்து, பேச்சு நின்றதும் கதவைச் சாத்தியது போல் அற்றுப்போனால், இரைச்சல் நீக்கியை முரட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறார்கள். அப்போது ‘ச’, ‘ஸ’ எல்லாம் மழுங்கும், அறையின் காற்றே போய்விடும். இன்னொரு பக்கமும் தப்பு நடக்கும். 1938 வாக்கிலிருந்து தியேட்டர்களில் மேல் ஸ்தாயியைக் குறைத்துத்தான் ஒலிபரப்பினார்கள், அகாடமி கர்வ் என்பார்கள். அந்தக் குறைப்பை நம்பிக் கலந்த ஒலியை இன்று அப்படியே நேராக வட்டில் போட்டால் காதைக் குத்தும். ஆக, துடைத்தாலும் தவறு, கைவைக்காமல் விட்டாலும் தவறு. இதில் நிதானமாக வேலை செய்தவருக்கு நான் ஐந்து கொடுப்பேன், ஒரே ஒரு ஸ்பீக்கர் ஒலித்தாலும்.

அப்புறம் வேகம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்காக வந்த டிவிடிகளில் 24 ஃபிரேம் படத்தை 25ல் ஓட்டுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் குரலும் இசையும் மேலே ஏறும். ஒரு பழைய படத்தின் பாடலோடு சேர்ந்து கீபோர்டில் வாசிக்கப் பார்த்தேன், எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை, இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கியது. இசைத்தட்டில் அதே பாடல் ஒழுங்காக உட்கார்ந்தது. வருடக்கணக்கில் அந்தப் பாடகரின் குரல் இன்னும் இளசு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. எந்த விமர்சனத்திலும் இது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாடாக்காலம்:

நெகட்டிவ்நேசன் சொல்வது ஃபிலிமுக்குச் சரி. தொலைக்காட்சித் தொடர்களுக்கு அந்த அளவுகோல் நிற்காது. வீடியோ டேப்பில் எடுத்த தொடரில் 480 அல்லது 576 கோடுதான் இருக்கிறது. ப்ளூரேயில் போட்டாலும் 577ஆவது கோடு எங்கிருந்தும் முளைக்காது. ஆனால் வினாடிக்கு 50 அல்லது 60 அரைப்படங்கள் (ஒன்றுவிட்ட கோடுகள் மட்டும் உள்ளவை) உண்டு, அந்த நேரடித் துடிப்புதான் அந்தத் தொடர்களின் உயிர். இரண்டு இரண்டாகச் சேர்த்து 25 அல்லது 30 ஆக்கிவிட்டால் அசைவு தத்தித் தத்திப் போகும். நான் முதலில் பார்ப்பது கூர்மையை அல்ல, கேமரா திரும்பும்போது அசைவு வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதை.

‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ கதை தெரியாதவர்களுக்காக: 1987 முதல் 1994 வரை 35 மிமீ ஃபிலிமில் எடுத்து, வீடியோவில் எடிட் செய்து, தந்திரக் காட்சிகளையும் வீடியோவிலேயே இணைத்தார்கள். 2012 முதல் வந்த ப்ளூரேக்களுக்காக நெகட்டிவ் சுருள்களைத் தேடியெடுத்து, ஸ்கேன் செய்து, 178 பகுதிகளையும் மறுபடி எடிட் செய்தார்கள். இதில் மூலம் எது? ஒளிபரப்பானது மங்கலான வீடியோ. வட்டில் இருப்பது யாரும் பார்க்காத தெளிவு. மூலத்துக்கு விசுவாசம் என்று அடம்பிடித்தால் இந்த வட்டுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டும். எனக்கோ இதைவிட அன்பான மீட்பு தோன்றவில்லை.

மன்னிக்கவே முடியாதது பழைய 4:3 வடிவத் தொடரை அகலத்திரை 16:9 ஆக்க மேலும் கீழும் வெட்டுவது. உயரத்தில் கால்வாசி போய்விடுகிறது. அதற்கு என்ன தெளிவு இருந்தாலும் சுழியம்.

தெளிவுவிரும்பி:

நாடாக்காலம் சொன்னது நான் சொல்ல வந்ததுதான். மூலம் என்பது ஒன்று இல்லை.

இயக்குநர் ஒப்புதல் என்று அட்டையில் போட்டிருந்தால் பேச்சு முடிந்தது என்கிறார்களே, அதுவும் நிற்காது. 1971ல் வந்த ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தின் 2009 ப்ளூரேக்கு இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினே நிறத்தை மாற்றினார். படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2012ல் வந்த அடுத்த பதிப்பில் நிறம் பழையபடிக்குப் பக்கத்தில் வந்தது. எடுத்த இரண்டு பேருக்கே ஒத்துப்போகவில்லை. அதனால் இரண்டு மதிப்பெண் போடுங்கள் என்கிறேன். ஃபிலிமை வட்டுக்கு மாற்றிய வேலை எவ்வளவு நேர்மை என்பதற்கு ஒன்று, உட்கார்ந்து பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்கு ஒன்று.

நெகட்டிவ்நேசன்:

இரண்டாவது மதிப்பெண்ணை என்னால் போட முடியாது. என் கண், என் திரை, நான் உட்காரும் தூரம் எல்லாம் சேர்ந்தது அது. உங்களுக்கு எறும்பு, எனக்கு உயிர். எண்ணாகப் போட்டால் நிறுவனங்கள் அந்த இரண்டாவது எண்ணைத் துரத்தும், மறுபடி மெழுகு முகங்கள்தான் வரும். 2010ல் நடந்தது அதுதானே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் தொலைக்காட்சியில் ஷார்ப்னெஸ் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? விவிட் போன்ற பளிச் அமைப்பில் இருக்கிறதா? பல தொலைக்காட்சிகளில் ஷார்ப்னெஸ் சுழியம்தான் நடுநிலை, சிலவற்றில் பாதி அளவு. அதற்கு மேலே ஏற்றினால் ஒவ்வொரு கிரெயினுக்கும் ஓரம் கட்டும். சினிமா அமைப்பில் போட்டு, அதையும் இறக்கி, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணைத்துவிட்டு அதே வானத்தைப் பாருங்கள்.

தெளிவுவிரும்பி:

செய்து பார்த்தேன். விவிட் அமைப்பில்தான் இருந்தது, ஷார்ப்னெஸ் 100க்கு 65. சினிமா அமைப்பில் போட்டு, சுழியத்துக்கு இறக்கியதும் வானத்தில் எறும்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. பொடி இருக்கிறது, ஆனால் மெல்லியதாக. ரயில் நிலையக் காட்சி கரையும் இடமும் நீங்கள் சொன்னபடியே இருந்தது, மங்கி, வெட்டில் தெளிந்தது. அது தெரிந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் இரவுக் காட்சி மாறவில்லை. இன்னும் சாம்பல்தான். ஏழு நிமிடம் யார் முகமும் சரியாகத் தெரியாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் மூன்றரைதான் கொடுப்பேன். அந்த ஏழு நிமிடத்தைப் பற்றி உங்கள் விமர்சனத்தில் ஒரு வரி இருந்திருந்தால், வாங்கியிருப்பேன், ஏமாந்திருக்கமாட்டேன்.

நெகட்டிவ்நேசன்:

அது என் தவறு. இரவுக் காட்சியைப் பற்றியும், தொலைக்காட்சி அமைப்பைப் பற்றியும் இன்றைக்கே சேர்த்துவிடுகிறேன். நாலரை அப்படியே இருக்கும்.

செவிவழி:

மோனோ டிராக்கில் இரைச்சல் சீராக ஓடுகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அண்ணே. அதை இன்னும் யாரும் சொல்லவில்லை.