நவம்பர் 11 முதல் பரிசளிப்பு விழா வரை: ஆண்கள் தொடக்கப் பள்ளியில் ஆண்டிறுதி – அனுபவப் பகிர்வு

சிட்னியிலிருந்து, ஆறாம் வகுப்பை முடித்த மாணவனின் தந்தை:

ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆண்டு ஜனவரி இறுதியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கடைசிப் பருவம் அக்டோபரில் தொடங்கும்போதே ஆண்டிறுதிப் பரபரப்பும் கூடவே வந்துவிடும். நீச்சல் வகுப்பு, முகாம், இசை நிகழ்ச்சி, அடுத்த ஆண்டுக்கான மாணவத் தலைவர் தேர்வு, கிறிஸ்துமஸ் பாடல் மாலை, பரிசளிப்பு விழா என்று பள்ளியிலிருந்து நாள்தோறும் ஒரு மின்னஞ்சலாவது வராமல் இருக்காது. இந்த அமளிக்கு நடுவில்தான் நவம்பர் 11 வருகிறது. 1918-இல் முதல் உலகப் போர் ஓய்ந்ததன் நினைவாக, அன்று காலை 11 மணிக்கு நாடெங்கும் ஒரு நிமிடம் மௌனம் காக்கிறார்கள். என் மகன் படித்தது நூறாண்டு கடந்த, ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமேயான தொடக்கப் பள்ளி. இந்த நாளை அங்கே அனுசரிக்கும் முறையைப் பற்றித்தான் நான் அதிகமாக எழுதப்போகிறேன். மற்ற விழாக்களை எல்லாப் பெற்றோரும் பார்த்திருப்பீர்கள்.

பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்களை வரிசையில் நிறுத்தி, கொடியும் எக்காளமும் வீர உரையுமாக நடத்தினால், போர் என்பது கால்பந்துப் போட்டியின் பெரிய வடிவம் என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிடாதா என்ற ஐயம் எனக்கு இருந்தது. பள்ளி மண்டபத்துச் சுவரில், போருக்குப் போன பழைய மாணவர்களின் பெயர்களைப் பொன்னெழுத்தில் பொறித்த பெரிய மரப்பலகை ஒன்று இருக்கிறது. திரும்பி வராதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய சிலுவைக் குறி உண்டு. ஆறாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரிடமும், அந்தப் பலகையில் சிலுவைக் குறியிட்ட ஒரு பெயர் எழுதிய அட்டை இருக்கும். அக்டோபர் மாதத்தில் அந்த மனிதரைப் பற்றித் தேடித் தெரிந்துகொண்டு வருவது மாணவனின் வேலை.

முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆஸ்திரேலிய வீரர்களின் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகம் மின்னணுப் படிகளாக்கி வைத்திருப்பதால், அவற்றை வீட்டிலிருந்தபடியே, கட்டணமில்லாமல் படிக்கலாம். என் மகனுக்குக் கிடைத்தவர் வங்கியில் எழுத்தராக இருந்தவர். படையில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில் வயது, உயரம், எடை, மார்பளவு, கண்ணின் நிறம், முடியின் நிறம், மதம், நெருங்கிய உறவினரின் முகவரி என்று எல்லாம் இருந்தன. அந்த உயரத்தை மகன் எங்கள் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் குறித்தான். பிறகு என்னை அதனருகில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, அவர் என்னைவிட இரண்டு விரற்கடை குள்ளம் என்றான். கோப்பின் பின்பகுதியில், அவருடைய தாய்க்கு அனுப்பிவைக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் இருந்தது: சில கடிதங்கள், புகைப்படங்கள், ஒரு சவரக்கத்தி, ஒரு புகைக்குழாய். அவற்றைப் பெற்றுக்கொண்டதாக அந்த அம்மாள் கையெழுத்திட்ட சீட்டும் அடுத்த பக்கத்தில் இருந்தது. ‘மகனுடைய பொருள்களுக்கு அம்மா எதற்கு ரசீது தர வேண்டும்?’ என்று அவன் கேட்டதற்கு, அரசாங்கம் அப்படித்தான் என்பதற்கு மேல் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நிகழ்ச்சி மிக எளிமையானது. முற்றத்தில் பள்ளி முழுவதும் கூடும். சட்டையில், போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னமான சிவப்புப் பாப்பி மலர் குத்தியிருப்பார்கள். ஊசி குத்திவிடும் என்பதால் மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு மட்டும் காகிதத்தில் செய்த பாப்பியை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பு மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒலிவாங்கியின் முன் வந்து, தமக்குக் கிடைத்த பெயரையும் இறந்தபோது இருந்த வயதையும் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று வயதுகள் வரவர, பின்வரிசையில் நின்ற பெற்றோரின் பேச்சு தானாக அடங்கியது. பிறகு உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற எக்காள இசையை வாசித்தார். மௌன நிமிடத்தின் நடுவில் மழலையர் பக்கத்திலிருந்து ஒரு தும்மலும் அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பும் கேட்டன. எந்த ஆசிரியரும் திரும்பி முறைக்கவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன். அரைக் கம்பத்தில் பறந்த கொடி மீண்டும் உச்சிக்கு ஏறியதும் எல்லாரும் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். வீரம், தியாகம் என்று யாரும் நீட்டி முழக்கவில்லை. அன்றைக்கு 50 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்டிருந்த நாடு, அந்த ஒரு போரில் 60,000-க்கும் மேற்பட்டோரை இழந்தது என்ற ஒரே தகவலைத்தான் தலைமையாசிரியர் சொன்னார்.

அந்த வாரத்தில், வேறு நாடுகளிலிருந்து வந்த பெற்றோர் விரும்பினால் வகுப்புக்கு வந்து பத்து நிமிடம் பேசலாம் என்று அழைத்திருந்தார்கள். நான் எம்டனைப் பற்றிப் பேசினேன். அந்த ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதை நம்மில் பலர் சிறு வயதிலேயே கேட்டதுதான். அதே கப்பலை அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகில் அடித்து முடக்கியது ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் என்றதும் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி ஹைட் பூங்காவின் மூலையில் இன்றும் நிற்கிறது. சிட்னி கப்பலின் பாய்மரக் கம்பம் துறைமுகத்தைப் பார்த்தபடி பிராட்லீஸ் ஹெட் முனையில் நாட்டப்பட்டிருக்கிறது. தினமும் பேருந்தில் கடந்துபோகும் பீரங்கி எங்கள் ஊரைச் சுட்ட கப்பலுடையது என்பது அவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தச் சத்தத்தைக் கேட்டாரா என்று ஒரு பையன் ஆவலோடு கேட்டான். அவர் அப்போது தஞ்சாவூர்ப் பக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று உண்மையைச் சொன்னதும் வகுப்பே ஏமாந்துபோயிற்று.

பரிசளிப்பு விழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிசம்பர் வெயிலில், கோட்டு அணிந்த பிள்ளைகள் நெளிய, உரைகள் நீண்டன. கோப்பைகள் பெரும்பாலும் எதிர்பார்த்த கைகளுக்கே போய்ச் சேர்ந்தன. கடைசி நாள் கூட்டம்தான் அருமை. ஆறாம் வகுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த பெயர் அட்டையை ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தில், அதுவரை அதை வைத்திருந்த மாணவர்களின் பெயர்கள் அவரவர் கையெழுத்தில் இருக்கின்றன. என் மகனுடையதில் நான்காவது கையெழுத்து அவனுடையது. அது முடிந்ததும் இளைய மாணவர்கள் இருபுறமும் நின்று கைதட்ட, ஆறாம் வகுப்பினர் நடுவில் நடந்து வாசலுக்கு வந்தார்கள். என் மகன் வெளியே வந்து முதலில் கேட்டது சாப்பாடு.

மெல்பேர்ணிலிருந்து, ஐந்தாம் வகுப்பு மாணவனின் தாய்:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்த பிறகு எங்கள் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. எங்கள் மகனும் ஆண்கள் பாடசாலையிலேதான் படிக்கிறான். நவம்பர் மாதத்தில் பிள்ளைகளை இங்குள்ள நினைவாலயத்துக்கு அழைத்துச் செல்வார்கள். 1934 நவம்பர் 11 அன்று திறந்துவைக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் கூரையில் உள்ள துவாரம் வழியாக, ஆண்டுதோறும் அதே நாளில் காலை 11 மணிக்குச் சூரிய ஒளிக்கதிர் ஒன்று உள்ளே இறங்கி, தரையில் பதித்த கல்லில் ‘அன்பு’ என்று பொருள்படும் சொல்லின் மேல் விழும்படி அமைத்திருக்கிறார்கள். கோடை காலத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தும் வழக்கம் வந்த பிறகு கணக்குப் பிழைத்துவிட்டது. இப்போது கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்புகிறார்கள். அங்கே கேட்ட விளக்கங்களில் என் மகனுக்கு மிகவும் பிடித்தது இந்தக் கண்ணாடிதான்.

அதன் பிறகு வகுப்பில், உங்கள் குடும்பம் நினைவுகூரும் ஒருவரைப் பற்றி எழுதி, காகிதப் பாப்பியில் ஒட்டிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் துருக்கியின் கலிப்பொலியிலும் பிரான்சிலும் இறந்த பூட்டன்மாரைப் பற்றி எழுதினார்கள். எங்கள் மகன் எழுதியது என் அண்ணாவைப் பற்றி. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் இடம்பெயர்ந்த பிறகு வந்த மாதங்களில், ஷெல் விழுந்து இறந்தவர் அவர். படையில் இருந்தவர் அல்லர், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர். இதை அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேசினோம். எந்த நாட்டுக்காக இறந்தார் என்று யாராவது கேட்டால் பிள்ளை என்ன சொல்வான் என்று என் அம்மா கவலைப்பட்டார்.

ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்து, இதைச் சுவரில் வைப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டார். அதன்பின், சுவரின் தலைப்பில் ‘பணியாற்றியவர்கள்’ என்று இருந்ததை ‘போரினால் இறந்தவர்கள்’ என்று மாற்றிவிட்டார். ஆண் பிள்ளைகளுக்குச் சீருடை அணிந்தவர்களைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுத்தால் போரின் பாதிக்கதையைத்தான் சொன்னதாகும் என்பது என் கருத்து. அந்தச் சுவரில் என் அண்ணாவோடு, சிரியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் பாட்டியும் இருந்தார். டிசம்பரில் நத்தார் (கிறிஸ்துமஸ்) உணவுப் பெட்டிகள் சேகரிக்கத் தொடங்கும்வரை அந்தப் பாப்பிகளை அகற்றவில்லை. பின்னர் அவரவர் பாப்பியை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மம்மா அதைச் சாமியறையில் வைத்திருக்கிறார்.

சிட்னித் தந்தையின் மறுமொழி:

சகோதரி, தலைப்பையே மாற்றிய ஆசிரியையின் செயல் மிகச் சரியானது. எங்கள் பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் அடுத்த ஆண்டுக்கான யோசனையாக இதைச் சொல்லப்போகிறேன், உங்கள் குடும்ப விவரம் எதையும் குறிப்பிடாமல்.

ஆவணக் காப்பகத்தில் தேடுவது பற்றித் தனிமடலில் கேட்ட நண்பர்களுக்கு: குடும்பப் பெயரையும் பிறந்த ஊரையும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால், நெருங்கிய உறவினரின் முகவரியை ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பில் ‘கே.ஐ.ஏ.’ (KIA) என்றால் களத்தில் இறந்தவர், ‘டி.ஓ.டபிள்யூ.’ (DOW) என்றால் காயத்தால் பின்னர் இறந்தவர். முழுக் கோப்பையும் அச்செடுத்துப் பிள்ளையிடம் நீட்டிவிடாதீர்கள். மருத்துவமனைப் பக்கங்களில் பாலியல் நோய்ச் சிகிச்சைக் குறிப்புகள்கூடச் சில சமயம் இருக்கும், அதனால் அவற்றை முதலில் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.