இடப்பக்கம் ஒருக்களித்தால் மட்டும் நெஞ்சு ‘தடக்’ என்கிறது, யாருக்காவது இப்படி உண்டா?

இரவுப்பறவை:

வணக்கம். வயது 46, ஆண். மூன்று மாதமாக இந்தத் தொல்லை. இரவில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பத்து நிமிடத்துக்குள் நெஞ்சு தடுமாறுகிறது. இரண்டு துடிப்பு ஒழுங்காக வரும், மூன்றாவது முந்திக்கொண்டு வரும், அப்புறம் ஒரு இடைவெளி. நின்றே போய்விட்டதோ என்று நினைக்கிற நேரத்தில் மெத்தை அதிர்கிற மாதிரி ‘தடக்’ என்று ஓர் உதை. வலப்பக்கம் புரண்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பகலில் ஒன்றுமே இல்லை.

டாக்டரைப் பார்த்தேன். ஈசிஜி நார்மல், பிரஷர் 138/88. “டென்ஷன்தான், நன்றாக ஓய்வெடுங்கள்” என்றார். ஓய்வெடுக்கப் படுத்தால்தானே சார் வருகிறது என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். இரவு பத்துக்குச் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை. இரண்டு தலையணை வைத்துக் கழுத்தை மடித்துக்கொண்டு அரை மணி நேரம் போன். மாலை ஆறு மணிக்கு ஒரு காபி. மது, சிகரெட் கிடையாது. குறட்டை விடுகிறேன் என்பது மனைவியின் புகார், நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இடப்பக்கம் படுப்பது இதயத்தைக் கெடுக்குமா? எதை முதலில் நிறுத்துவது?

ஈசிஜி அறை:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மயக்கம், கண் இருட்டுவது, நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, இதில் ஏதாவது கூடவே வருகிறதா? குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் இங்கே தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இல்லை என்றால், நீங்கள் சொல்வது எக்டோபிக் என்கிற முந்திய துடிப்பின் அச்சு அசலான வர்ணனை. இதயம் நிரம்புவதற்குள் அவசரப்பட்டு ஒரு துடிப்பு வருகிறது. அதில் ரத்தம் குறைவு, சில சமயம் மணிக்கட்டு நாடியில் அது தெரியவே தெரியாது. பிறகு வரும் இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிக்கொள்கிறது. அதை வெளியே தள்ளும் துடிப்புதான் உங்கள் ‘தடக்’. அதாவது, உங்களைப் பயமுறுத்துவது ஒழுங்கான துடிப்பு. தப்பு செய்தது அதற்கு முன்னால் சத்தமில்லாமல் வந்துபோன ஒன்று.

இடப்பக்கம் ஏன்? இதயம் மேல்பக்கம் பெரிய ரத்தக் குழாய்களோடு பிணைந்திருக்கிறது, கீழ்முனைக்கு நகர இடம் உண்டு. இடப்பக்கம் திரும்பினால் அது நெஞ்சுச் சுவரை ஒட்டி வந்துவிடும். எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம், எடுக்கும்போது இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வது இதற்காகத்தான், படம் தெளிவாக விழும். நீங்களும் தினமும் இரவில் அதே நிலையில் உங்கள் இதயத்தை ஒட்டுக்கேட்கிறீர்கள். அதோடு தூங்கப் போகும்போது வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும், துடிப்புகளுக்கிடையே இடம் கூடும், அந்த இடத்தில் எக்டோபிக் நுழைந்துகொள்ளும். பகலில் நடமாடும்போது அதற்கு இடமும் இல்லை, கவனிக்க உங்களுக்கு நேரமும் இல்லை.

அடுத்த முறை வரும்போது மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒழுங்கான ஓட்டத்தில் நடுநடுவே ஒரு விடுபடல் என்றால் ஒரு வகை. தாளமே பிடிபடாமல் கண்டபடி ஓடினால் வேறு வகை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசிஜி எடுத்தாக வேண்டும்.

தாளம் தப்பியவன்:

அந்த ‘வேறு வகை’ ஆசாமி நான்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் மேலறைகள் தாளமில்லாமல் நடுங்கும் கோளாறு, நான்கு வருடமாக. எனக்கும் இரவில்தான் ஆரம்பித்தது, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்த ஒரு ராத்திரி. விடுபடல் கிடுபடல் எல்லாம் இல்லை, நெஞ்சுக்குள் ஒரு பை நிறைய மீனைக் கொட்டின மாதிரி. மூன்று மணி நேரம் ஓடியது.

நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் இதயத்தின் இடது மேலறையில் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் இந்தப் பொறி கிளம்புகிறது என்று 1998-ல் பிரான்சின் போர்தோ நகரத்தில் ஹைஸாகேர் குழு கண்டுபிடித்தது. அந்த இடம் இழுபடுவதும் ஒரு தூண்டுதல். என் டாக்டர் படுக்கும் பக்கத்தைக் குறை சொல்லவில்லை, “வயிறு, மது, தூக்கம், மூன்றையும் பாருங்கள்” என்றார். மதுவை நான் விட்டேன், பாதி சரியானது. நீங்கள் குடிப்பதில்லை என்பதால் அந்தச் சுலபமான வழி உங்களுக்கு இல்லை, மன்னிக்கவும்.

பச்சைஇலை:

இடப்பக்கம் படுப்பதை அடியோடு நிறுத்துங்கள், காபியையும் விடுங்கள், மெக்னீசியம் மாத்திரை போடுங்கள். எனக்கு ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது.

ஈசிஜி அறை:

பச்சைஇலை, மாத்திரை விஷயத்தில் நிதானம் வேண்டும். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு மெக்னீசியம் உடம்பில் தங்கிவிடும். ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம், தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னால் போடலாம்.

இடப்பக்கத்தை அடியோடு நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமிலம் மேலேறும் தொல்லை உள்ளவருக்கு இடப்பக்கம்தான் நல்லது, வலப்பக்கம் படுத்தால் நெஞ்செரிச்சல் கூடும். இரைப்பையின் வளைவு அப்படி. ஆக இதயம் வலது என்கிறது, வயிறு இடது என்கிறது. இரவுப்பறவை பத்துக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பவர், இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறார். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். தலைமாட்டுக் கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து ஒரு சாண் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கும், வயிறு அமுங்கும், பலன் இல்லை.

காபி பற்றி: 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 100 பேரைச் சில நாள் காபி குடிக்கவும் சில நாள் விடவும் சொல்லி, இதயத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். மேலறையிலிருந்து வரும் முந்திய துடிப்பு காபியால் கூடவில்லை. கீழறைத் துடிப்பு கொஞ்சம் கூடியது, தூக்கம் சராசரியாக 36 நிமிடம் குறைந்தது. உங்கள் ஆறு மணிக் காபியை மதியத்துக்குத் தள்ளிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

கேள்விக்குறி:

சளிக்கு மூக்கடைப்பு மாத்திரை, ஆஸ்துமா பஃப் ஏதாவது எடுக்கிறீர்களா? இவையும் படபடப்பைக் கிளப்பும். அப்புறம், குறட்டையை யாரும் கண்டுகொள்ளவில்லையே?

இரவுப்பறவை:

எல்லோருக்கும் நன்றி. மயக்கம், வலி எதுவும் இல்லை, அந்த மாத்திரைகளும் இல்லை. இரண்டு வாரம் நோட்டில் எழுதினேன். முதல் வாரம் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. ஏழு இரவில் நான்கில் ‘தடக்’ இல்லை, இடப்பக்கமே படுத்தும்கூட. இரண்டாவது வாரம் காபியை மதியம் குடித்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாடியும் எண்ணினேன். ஒழுங்கான ஓட்டம், நிமிடத்துக்கு மூன்று நான்கு விடுபடல்.

குறட்டை பற்றிக் கேட்டவருக்கு: மனைவி ஒரு ராத்திரி போனில் பதிவு செய்து காலையில் போட்டுக் காட்டினாள். குறட்டையைவிட, நடுநடுவே அது நின்றுபோய் ஒரு சத்தமும் இல்லாத பத்துப் பதினைந்து விநாடிதான் வயிற்றைக் கலக்கியது. பிறகு முக்குளித்து எழுந்தவன் மாதிரி ஒரு மூச்சு. இனி ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை.

ஈசிஜி அறை:

அந்தப் பதிவை அழிக்காமல் டாக்டரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஹோல்டரும், அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஈசிஜி பதிவு செய்யும் சிறு கருவி, தூக்கப் பரிசோதனையும் கேளுங்கள். பகலில் எடுக்கும் ஈசிஜி சில விநாடிகளை மட்டும் பார்க்கும். உங்களுக்குத் தேவை இரவு முழுக்கப் பார்க்கும் கருவி.

இரவுப்பறவை:

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன். எக்கோ நார்மல். ஹோல்டரில் 24 மணி நேரத்தில் 1,140 எக்டோபிக், மொத்தத் துடிப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். எல்லாம் தனித்தனியாக வந்தவை, தொடராக ஓடியது எதுவுமில்லை. 10 சதவீதத்தைத் தாண்டினால் கூர்ந்து பார்ப்போம், இதற்கு மருந்து இப்போது வேண்டாம் என்றார் இதய மருத்துவர்.

தூக்கப் பரிசோதனையில்தான் திகைத்தேன். நெஞ்சில் கட்டிய பட்டை எந்தப் பக்கம் படுத்திருக்கிறேன் என்பதையும் பதிவு செய்யுமாம். ராத்திரி பாதிக்கு மேல் மல்லாந்து கிடந்திருக்கிறேன், எனக்கே தெரியாது. மணிக்கு 22 முறை மூச்சு தடைப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் அந்த நிலையில். எக்டோபிக்கும் அங்கேதான் கொத்துக் கொத்தாக இருக்கிறது, மூச்சு திரும்பும் நேரத்தை ஒட்டி. நான் மூன்று மாதமாகச் சந்தேகப்பட்ட இடப்பக்கத்தில் விழித்திருந்ததால் உணர்ந்தேன், மல்லாந்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தூங்கும்போது காற்றை ஊதி மூச்சுப்பாதை அடைபடாமல் வைக்கும் சிபாப் மெஷினும் மாஸ்க்கும் கொடுத்திருக்கிறார்கள். இன்றோடு ஆறாவது ராத்திரி. மூக்கு மேட்டில் தழும்பு விழுகிறது, விடியற்காலை கழற்றி எறிந்துவிடுகிறேன். இதற்கு யாரிடமாவது வழி உண்டா?

தாளம் தப்பியவன்:

எனக்கும் அதே மாஸ்க் வாழ்க்கைதான். பட்டையை இறுக்காதீர்கள், தளர்த்துங்கள். படுத்த பிறகு, மெஷினை ஓடவிட்டுச் சரிசெய்யுங்கள், உட்கார்ந்து சரிசெய்தால் படுத்ததும் முகத்தின் சதை நகர்ந்து காற்று ஒழுகும். பகலில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு டிவி பாருங்கள், மூக்கு பழகும். இதெல்லாம் செய்தும் தழும்பு போகவில்லை என்றால் அளவு தப்பு, மாற்றித் தரச் சொல்லுங்கள்.