செகாவின் ‘மணமகள்’ கதையில் வரும் தாயைப் பற்றி உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ருஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ் 1903-இல் வெளியிட்ட தம் கடைசிச் சிறுகதையான ‘மணமகள்’ குறித்து எங்கள் வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். 23 வயது நாத்யா, திருமணம் நெருங்கும் வேளையில், மாப்பிள்ளை பெருமையோடு சுற்றிக் காட்டும் புது வீட்டில் நடந்தபடியே அந்த வாழ்க்கை தனக்கு ஒவ்வாது என்று உணர்ந்து, படிப்பதற்காகப் பீட்டர்ஸ்பர்க்குக்குப் புறப்பட்டுவிடுகிறாள். இந்த விழிப்பு எல்லோரும் பேசுவதுதான். அதில் எனக்குச் சிக்கல் இல்லை.

என்னைத் தடுமாற வைப்பவள் தாய் நீனா இவானவ்னா. கணவனை இழந்தபின் எல்லாவற்றுக்கும் மாமியாரின் கையையே எதிர்பார்த்து வாழும் அவள், மகள் தன்னைப் போகவிடும்படி கேட்கும்போது, தானும் இன்னும் இளையவள்தான், தனக்கும் வாழ வேண்டும், நீயும் பாட்டியும் சேர்ந்து என்னைக் கிழவியாக்கிவிட்டீர்கள் என்று அழுகிறாள். தாயை அசாதாரணமானவள் என்று நம்பியிருந்த நாத்யாவுக்கு, அவள் மகிழ்ச்சியற்ற ஒரு சாதாரணப் பெண்ணாகத் தெரியத் தொடங்குவதும் அந்த நாட்களில்தான். தாயின் அழுகையும் ஒரு விழிப்புதான் என்பது என் எண்ணம்; வட்டத்து நண்பர் ஒருவரோ அதை வெறும் தன்னிரக்கம் என்கிறார். (கணவன் இறந்த செய்தி கேட்டுத் தனியறைக்குள் விடுதலையை உணரும் பெண்ணைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபின் 1894-இல் எழுதிய ‘ஒரு மணிநேரத்தின் கதை’யை ஒப்பிட நினைத்தேன், அங்கே உறவென்று கதவுக்கு வெளியே இருப்பவள் சகோதரி மட்டுமே என்பதால் அது உதவவில்லை.)

இக்கதையைத் தாயின் பக்கமிருந்து வாசித்த கட்டுரை எதையேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மகளின் விடுதலையையும் தாயின் இழப்பையும் ஒருசேரச் சொல்லும் பழைய சிறுகதைகள், எம்மொழியினதாயினும், நினைவுக்கு வந்தால் அவற்றையும் குறிப்பிடுங்கள். தமிழில் படிக்கக் கிடைப்பவையாக இருந்தால் வட்டத்தில் அனைவருக்கும் பயன்படும்.