நோட்டரி முன்னால் கையெழுத்து: சின்னம்மாவைக் கூட்டிப்போன அனுபவம்

பத்திரங்களுக்குச் சான்று தருகிற வக்கீலான நோட்டரியிடம் போகிற பலர் வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு சீல் வாங்க மட்டும் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று அவர் சாட்சி சொல்வதற்குத்தான் அந்த சீலே.

மேலூரில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு ஆதாரில் ஒரு பெயர், பேங்க் பாஸ்புக்கில் ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் கேட்டார்கள். மதுரையில் ஜில்லா கோர்ட் பக்கம் ஒரு நோட்டரியிடம் கூட்டிப்போனேன். பத்திரத்தை வாங்கியவர் அதைப் பிரிக்கவே இல்லை. "எதுக்கு வந்திருக்கீங்க, நீங்க சொல்லுங்கம்மா" என்று சின்னம்மாவிடம் கேட்டார். நான் வாயைத் திறந்ததும் கையமர்த்திவிட்டார். "ரெண்டு பேரும் நான்தான்னு பேங்குல எழுதிக் கேக்குறாகய்யா" என்று சின்னம்மா சொன்ன பிறகுதான் வரிவரியாக வாசித்துக் காட்டினார். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. மேலே திருத்தி எழுத விடாமல், அந்தப் பக்கத்தையே புதிதாக டைப் அடித்து வரச் சொன்னார்.

அப்புறம் ரேகை. களையெடுத்துத் தேய்ந்த விரல், முதலில் வெறும் மைத் திட்டுதான் விழுந்தது. துடைத்துவிட்டு, மையைக் குறைத்து, இடது பெருவிரலை லேசாக உருட்டியதும் கோடுகள் தெளிவாக வந்தன. வாசித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு ரேகை வைத்தார் என்று அதன் கீழேயே எழுதினார். தன் பதிவேட்டிலும் ரேகை வாங்கிக்கொண்டு, அந்த வரிசை எண்ணைப் பத்திரத்தில் குறித்தார். நாளைக்கு யாராவது இது அவர் வைத்ததே இல்லை என்று கிளம்பினால், அந்தப் பதிவேடுதான் பேசும். படிக்காத பெரியவர்களை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற நோட்டரி கிடைத்தால் விடாதீர்கள்.

போகும்போது ஒரிஜினல் ஆதார், போட்டோ, ஜெராக்ஸ் எடுத்துப்போங்கள். எந்த வாசகத்தில், என்ன மதிப்புள்ள முத்திரைத்தாளில் வேண்டும் என்று பத்திரம் கேட்ட ஆபீஸிலேயே முதலில் விசாரித்துவிடுங்கள். ஓர் இடம்கூட வெற்றாக இருக்கக் கூடாது. நோட்டரி என்பவர் பொதுவாக 10 வருஷமாவது வக்கீல் தொழில் பார்த்து, 1952ஆம் வருஷச் சட்டப்படி அரசு நியமித்தவர். வட்ட சீலில் அவர் பெயரும் பகுதியும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலம் என்றால் கதையே வேறு. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் நோட்டரி பத்திரத்தை நம்பி மனைக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்துக் கிரையம் பதிவானால்தான் செல்லும். 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அவர் கையில் இப்போது மனையும் இல்லை, பணமும் இல்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

நம் சார்பில் கிரையம் எழுதிக்கொடுத்துப் பதிய ஒருவருக்குப் பவர், அதாவது அதிகாரப் பத்திரம், கொடுப்பதும் அப்படித்தான். ஊரில் இருக்கிறவர் தன் பகுதி சார்பதிவாளர் முன்னால்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் போன்றவர்கள் அங்கேயே நோட்டரி முன்னாலோ இந்தியத் தூதரகத்திலோ கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். மச்சான் அனுப்பிய கவரை, வந்த தேதி தெரிகிற மாதிரி, பவரோடு சேர்த்தே வைத்திருக்கிறோம்.